சாவிக்கொத்து கும்பிட்ட ஜீத்தம்மாள்

அந்தப் பெயரைத் தையல்காரி முதன்முதலில் கேட்டது, அவளுக்குக் கல்யாணம் பேசிவிட்டு வந்த பெரியப்பாவின் வாயிலிருந்து. அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டார்.

"பையன் பஸ் டிப்போவுல மெக்கானிக். அப்பா கிடையாது, அம்மா கிடையாது. ஒரே ஒரு அக்கா. டாக்டர் வீட்டுல வேலை பார்க்குது. ஊரே சாவிக்கொத்துன்னுதான் கூப்பிடுது. அது சரின்னா எல்லாம் சரி. அது மூஞ்சியச் சுளிச்சா பையன் எழுந்து போயிடுவான்."

"சாவிக்கொத்தா? அது என்ன பேரு?" என்றாள் தையல்காரியின் அம்மா.

"வரும்போது பாரு. ஆளுக்கு முன்னாடி சத்தம் வரும்."

அவர் சொன்னது பொய்யில்லை. நாலாம் நாள் அந்த அக்கா வந்தாள். தெருமுனையில் திரும்பும்போதே கலகலவென்று கேட்டது. இடுப்பில் ஓர் இரும்பு வளையம், அதில் பதினேழு சாவி. மளிகை அறை, துணி அலமாரி, மருந்து அறை, மாடிக்கதவு என்று டாக்டர் வீட்டின் பூட்டுகள் அத்தனையும் அவள் இடுப்பில் நடந்து வந்தன. ஒல்லி உடம்பு, நீளமான கை. உட்காருங்கள் என்று மூன்று பேர் மூன்று தடவை சொல்லியும் உட்காரவில்லை. ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டித் தூசி பார்த்தாள். அலமாரிக் கதவு ஒழுங்காக மூடவில்லை என்று இரண்டு முறை திறந்து மூடினாள். கல்யாணப் பெண்ணிடம் கேட்டது ஒரே கேள்வி.

"பட்டன் காஜா நீயே எடுப்பியா, வெளிய கொடுப்பியா?"

"நானே எடுப்பேன் அண்ணி."

"அப்போ சரி."

அவ்வளவுதான் சம்மதம். வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தையல்காரிக்குத் தன் நாத்தனாரின் கதை தெரிய வந்தது. அம்மா இறந்தபோது சாவிக்கொத்துக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு நாலு. அம்மாவின் சித்தி மகள் ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வீட்டில் விட்டாள். தம்பி அத்தை வீட்டில் வளர்ந்தான். மத்தியானம் பெரிய வீட்டார் கண்ணயரும் நேரத்தில் அக்காக்காரி தன் பங்குச் சோற்றைத் துணியில் முடிந்துகொண்டு ஓடுவாள். அவன் வாயில் ஊட்டிவிட்டு, அவர்கள் எழுவதற்குள் திரும்ப ஓடி வருவாள். அப்படி ஓடிப் பழகிய கால்தான் பிற்பாடும் ஓரிடத்தில் நிற்கவில்லை என்பான் அவள் தம்பி.

பத்தாவது வருஷம் வீட்டு அம்மாள் சாவி வளையத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்துதான் அந்தப் பெயர்.

ஆனால் சாவி கைக்கு வருவதற்கு முன்பே அவளுக்கு ஜீத்தம்மாள் வந்துவிட்டாள். அது இன்னொரு கதை.

சாவிக்கொத்துக்குப் பதினேழு வயது இருக்கும்போது, மூடிப்போன ஒரு கன்னியர் மடத்தின் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பங்குக் கோயிலில் இறக்கினார்கள். மெழுகுவர்த்தித் தண்டு, நாற்காலி, திரைச்சீலை, அவற்றோடு ஒரு பெண்ணின் சுரூபம். இடுப்புயரம்; அழுக்கும் புகையும் ஏறி நிறமே தெரியவில்லை, தலையில் ஒட்டிய துணி. பெயர்ப்பலகை இல்லை. முன்பக்கத்துத் துணியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள்; அந்த மடிப்புக்குள் நிறையப் பூ. அன்றைக்குக் கோயிலைக் கழுவ வந்திருந்த வேலைக்காரப் பெண்களில் சாவிக்கொத்தும் ஒருத்தி. யார் இந்தப் புனிதை என்று அப்போதைய கிழவர் சாமியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"இது ஜீத்தம்மாதான் ஃபாதர். வேலைக்காரங்களோட புனிதை. சிஸ்டர் சொல்லிக் கேட்டிருக்கேன். அவ ஏப்ரன்ல ரொட்டி எடுத்துட்டுப் போறப்போ பூவா மாறிப்போச்சே, அவதான்."

"எப்படிம்மா அவ்வளவு நிச்சயமாச் சொல்ற?"

"துணிய இப்படித் தூக்கிப் பிடிக்கிறவ வேலைக்காரியாத்தான் இருக்கணும். வீட்டம்மா யாரும் பிடிச்சு நான் பார்த்ததில்ல."

சாமியார் சிரித்துவிட்டார். சுரூபத்துக்குப் பழுப்புச் சாயம் பூசி, பக்கவாட்டு மாடத்தில் வைத்தார்கள். ஊர் வேலைக்காரிகளுக்கு ஒரு புனிதை கிடைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பாத்திரம் தேய்த்து முடித்ததற்கும் சாயங்காலக் காபிக்கு அடுப்பு மூட்டுவதற்கும் நடுவில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் முப்பது பெண்கள் மாடத்துக்கு முன் கூடுவார்கள். சாவிக்கொத்து நின்றுகொண்டே கதை சொல்வாள். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் பன்னிரண்டு வயதில் வேலைக்கு வந்த ஜீத்தம்மாள். கூட வேலை செய்தவர்களே அவளை அடித்தது. நாற்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, கடைசியில் வீட்டுப் பொறுப்பெல்லாம் அவள் கைக்கு வந்தது. குளிர் நாளில் எஜமான் தன் கம்பளி அங்கியைக் கோயிலுக்குப் போட்டுப் போகச் சொல்லி இரவல் கொடுக்க, அவள் அதை வாசலில் நடுங்கிக்கொண்டிருந்த பிச்சைக்காரனுக்குப் போர்த்திவிட்டுப் பூசைக்குப் போன இடத்தில் மட்டும் சாவிக்கொத்து குரலைத் தாழ்த்துவாள்.

"திரும்பி வந்து பார்த்தா ஆளக் காணோம், அங்கியக் காணோம். எஜமான் என்ன பேசியிருப்பாருன்னு உங்களுக்குச் சொல்லணுமா?"

வேண்டாம் என்பதுபோல் முப்பது தலையும் ஆடும். மறுநாள் ஒரு முதியவர் அதே அங்கியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறைந்துபோனார் என்றதும் முப்பது பேரும் மூச்சு விடுவார்கள். ஜீத்தம்மாள் ஜெபத்தில் நேரத்தை மறந்துபோன நாளில் தேவதூதர்கள் வந்து அவளுக்காக ரொட்டி சுட்டு வைத்த கதையும் உண்டு. அந்த இடத்தில் ஹோட்டலில் வேலை பார்க்கும் பாத்திரக்காரி எப்போதும் குறுக்கே விழுவாள்.

"ரொட்டின்னா வருவாங்கக்கா. பாத்திரம்னு சொல்லிப் பாரு, தேவதூதரும் பின்வாசல் வழியா ஓடிடுவாரு."

ஏப்ரல் கடைசியில் வரும் ஜீத்தம்மாளின் திருநாளுக்கு அவர்களே ஏற்படுத்திக்கொண்ட ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருத்தியும் தான் வேலை செய்யும் வீட்டில் கந்தலாகிப்போன கைத்துணியிலிருந்து உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றைக் கொண்டுவருவாள். முப்பது துண்டையும் சேர்த்துத் தைத்துச் சுரூபத்துக்குப் புது ஏப்ரன் கட்டுவார்கள். கல்யாணமாகி வந்த முதல் வருஷமே அந்த வேலை தையல்காரியின் மடியில் விழுந்தது. அதோடு புதுத் தலைத்துணியும் தைக்கச் சொன்னாள் சாவிக்கொத்து. பழையது மடத்திலேயே பசை வைத்து ஒட்டியது. வந்து பதினேழு வருஷமாக யாரும் கழற்றியதில்லை.

அளவெடுக்கத் தையல்காரி தனியாகத்தான் போனாள். ஈரத்துணியால் பசையை ஊறவைத்து, நகத்தால் நெம்பி, பழைய துணியை மெல்ல உரித்தாள். தலையைச் சுற்றி வரிசையாக எட்டுக் குழி. ஒரு குழியில் தங்க நிறத் தகரத்தின் முனை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா வீட்டுச் சுவரில் தொங்கிய பழைய காலண்டர் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவளுடைய பெரியம்மாவுக்கு யார் பெயரை வைத்தார்களோ அந்தப் புனிதையின் படம். தலையில் மகுடம், போர்வை மடிப்பில் ரோஜாப்பூ. அவளும் ஏழைகளுக்கு ரொட்டி எடுத்துப் போனவள்தான், அதுவும் பூவாக மாறியதுதான். ஆனால் அவள் வேலைக்காரி இல்லை. அரண்மனையில் பிறந்து அரண்மனையில் வாழ்க்கைப்பட்ட எலிசபெத்தம்மாள்.

மெழுகுவர்த்தி ஒழுகலை உருட்டிக் குழிகளை ஒவ்வொன்றாக அடைத்தாள். புதுத் துணியை இறுக்கிக் கட்டினாள். வீட்டுக்கு வந்து புருஷனுக்குச் சோறு போட்டாள்.

ஐந்தாம் நாள் ரொட்டிக்கடைக்காரர் மெக்கானிக்கைத் தேடி வந்தார். ஏற்கெனவே ஒருமுறை சாவிக்கொத்தைப் பெண் கேட்டு, முடியாது என்று பதில் வாங்கியவர். இது இரண்டாம் முறை. அவருக்கு நாற்பது, அவளுக்கு முப்பத்துநாலு. எழுந்து நின்று பேசுகிற, கையில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கிற மனுஷன். அன்று மத்தியானமே மெக்கானிக் அக்காவை வரவழைத்துச் சொன்னான்.

"நல்ல ஆளுக்கா. யோசிச்சுப் பாரு."

"ஜீத்தம்மா நாப்பத்தெட்டு வருஷம் இருந்தா. எனக்கு இருபத்திரண்டுதான் ஆகுது. நடுவுல எறங்கிப் போறதுக்கு இது என்ன உன் பஸ்ஸா?"

ஆனாலும் அன்று அவள் வழக்கத்தைவிட அதிகமாக நடந்தாள். அடுப்பிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து அடுப்புக்கு. சாவிச் சத்தம் கூடவே போய்வந்தது. கடைசியில், "நான் அவகிட்டயே கேட்டுட்டு வர்றேன்" என்று கோயிலுக்குப் போனாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"கேட்டேன். இருன்னு சொல்றா."

தையல்காரி கையில் கரண்டியோடு நின்றாள். அண்ணி, அது ஜீத்தம்மா இல்ல என்று நாலே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தன்னைப் பெற்றவள் மாதிரி புருஷன் வைத்திருக்கும் அக்கா. தான் அந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம். வந்தவுடனே நம்ம சாமியையே பொய்யாக்கிட்டா என்று பேச்சு வரும் என நினைத்தாள். கரண்டியைக் கழுவினாள். கழுவிய கரண்டியை மறுபடியும் கழுவினாள்.

ரொட்டிக்கடைக்காரர் அடுத்த வருஷம் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். மூன்று பிள்ளைகள் ஆயின. அவருடைய கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தையல்காரி எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு நிம்மதி என்பது இல்லாமல் போனது. அந்த வருஷத்திலிருந்து ஏப்ரல்தோறும் தலைத்துணியும் மாற்றுவது வழக்கமாகிவிட்டது. தலைத்துணி மாற்ற வேறு யாராவது கூட வருகிறேன் என்றால், "ரெண்டு பேருக்கு அங்க இடம் பத்தாது" என்று தட்டிக் கழிப்பாள். மாடத்தில் நாலு பேர் நிற்கலாம். மெழுகு உதிர்ந்திருக்கும்; புதிதாக வைப்பாள். சாவிக்கொத்து சளி பிடித்து இருமினாலும், டாக்டர் வீட்டு அம்மாள் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசினாள் என்று கேள்விப்பட்டாலும், அந்த எட்டுக் குழியும் தையல்காரியின் மண்டைக்குள் வந்து உட்காரும். சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை டாக்டர் வீட்டுப் பின்வாசல் வரை போய், "நூல் கண்டு இருக்கா அண்ணி" என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். தையல்காரிக்கு நூல் கண்டு பஞ்சமா? அதைக்கூட அண்ணி கேட்கவில்லை.

இருபத்துநாலு வருஷம் இப்படியே ஓடியது. சாவிக்கொத்து டாக்டர் வீட்டுக்கு வந்து நாற்பத்தாறு வருஷம். "இன்னும் ரெண்டுதான்" என்று விரலைக் காட்டிச் சிரிப்பாள்.

அப்போது புதிதாக ஒரு பங்குச்சாமியார் வந்தார். இளைஞர், சுறுசுறுப்பு. கோயிலில் உள்ள சுரூபங்களையெல்லாம் சாயம் சுரண்டிப் புதுப்பிக்க ஒரு வர்ணக்காரரை ஏற்பாடு செய்தார். ஜீத்தம்மாளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கேட்டதும் தையல்காரி மெஷினில் ஓடிக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினாள்.

சுரூபம் மேஜைமேல் படுத்திருந்தது. பழுப்புச் சாயம் பாதி போய், அடியில் நீலமும், ஓரத்தில் பொன் பூவேலையும் தெரிந்தன. ஏப்ரன் என்று அத்தனை பேரும் நினைத்தது ஏப்ரனே இல்லை, நீளமான போர்வையின் மடிப்பு.

"அழகா இருக்கில்ல?" என்றார் வர்ணக்காரர். "தலையில மகுடம் இருந்திருக்கு. யாரோ குழிய மெழுகு வச்சு அடைச்சிருக்காங்க. பழைய வேலை இல்ல, விரல் வச்சா ஒட்டுது."

"அண்ணே, பழையபடி பழுப்பே பூசிடுங்களேன். யாருக்கும் சொல்ல வேண்டாம்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காலையிலயே ஃபாதர் வந்து பார்த்துட்டுப் போயிட்டாரும்மா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் பக்குவமாகத்தான் சொன்னார். இது புனித எலிசபெத்தின் சுரூபம், நமக்கு இப்போதுதான் தெரிய வந்தது, இதுவும் ஒரு வரம் என்றார். கோயிலே சலசலத்தது. பின்வரிசையில் யாரோ ஒரு வீட்டு அம்மாள் சிரித்த சத்தமும் கேட்டது. வேலைக்காரிகள் எல்லோரும் சாவிக்கொத்தையே பார்த்தார்கள். பெயர் வைத்தவள் அவள்தானே. அவள் நேராகச் சாமியாரிடம் போனாள். தையல்காரி பின்னாலேயே போனாள்.

"நீங்க செஞ்ச ஜெபம் எதுவும் வீணாப் போகலம்மா" என்றார் அவர். "எலிசபெத்தும் ஏழைகளுக்காகவே வாழ்ந்தவங்க. மருத்துவமனை கட்டி, தன் கையாலயே நோயாளிங்களக் கழுவினவங்க. இருபத்துநாலு வயசுலயே இறந்துட்டாங்க."

"பெரிய மனுஷிதான் ஃபாதர். நான் குறை சொல்லல. ஆனா அந்தம்மா கொடுத்தது அவங்க வீட்டு ரொட்டி."

"அவங்களையும் வீட்டுல திட்டத்தான் செஞ்சாங்க."

"திட்டுவாங்க. வேலைய விட்டு நிறுத்துவாங்களா?"

கேட்டுவிட்டு அவள் திரும்பி நடந்தாள். படியில் நின்றிருந்த பாத்திரக்காரியிடம், "வீட்டுலயும் எஜமானி, கோயில்லயும் எஜமானி. லீவு நாள்லயும் நான் வேலைக்குத்தான் வந்திருக்கேன் போல" என்றாள். பாத்திரக்காரி சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மூன்று நாள் சாவிக்கொத்து ஓரிடத்தில் நிற்கவில்லை. டாக்டர் வீட்டு அலமாரிகளை ஒன்றுவிடாமல் காலிசெய்து திரும்ப அடுக்கினாளாம். பட்டறைக்கு இரண்டு தடவை போய்வந்தாளாம். நாலாம் நாள் மத்தியானம் தையல்காரியின் வீட்டுக்கு வந்தாள். கீழே கிடந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கினாள். மெஷினிலிருந்து குழாயடிக்கும், குழாயடியிலிருந்து மெஷினுக்கும் நடந்தாள். தையல்காரி மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"குழியில மெழுகு இருந்துச்சாமே."

தையல்காரி ஊசியிலிருந்து நூலை உருவினாள்.

"தலைத்துணி மாத்துறது நீ ஒருத்திதான்."

"நான்தான் அண்ணி வச்சேன்."

சாவிச் சத்தம் நின்றது.

"எப்போ?"

"கல்யாணமான முதல் வருஷம்."

"அந்த வருஷத்துல எப்போ? ரொட்டிக்காரர் வந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. அஞ்சு நாள்."

சாவிக்கொத்து உட்கார்ந்தாள். அந்த வீட்டில் கையில் வேலை இல்லாமல் அவள் உட்கார்ந்து தையல்காரி பார்த்தது அன்றுதான். சாவி வளையத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் உன்ன ஒரு நாள் கடிஞ்சு பேசியிருக்கேனா?"

"இல்ல அண்ணி."

"அப்புறம் என்ன பயம்?"

"வந்து ஏழு மாசம். உங்க சாமி தப்புன்னு நான் எப்படி அண்ணி சொல்றது? அவரு உங்களத்தான் அம்மான்னு நினைக்கிறாரு. அன்னிக்கு நீங்க கோயிலுக்குப் போய்ட்டு வந்து நிக்கிறப்போ சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியல. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் இன்னும் கஷ்டமாகிப்போச்சு."

"நீ சொல்லியிருந்தாலும் நான் அந்த ஆளோட போயிருப்பேனான்னு எனக்குத் தெரியாது. போகாமலே இருந்திருப்பேன். யாரு கண்டா?" அவள் எழுந்தாள். "ஆனா தெரிஞ்சுக்கிற வழியயும் மெழுகு வச்சு அடைச்சுட்டியே, தாயி."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தையல்காரிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விஷயம் தெரிந்த மெக்கானிக்கும் சண்டை போடவில்லை. ஒரு வாரம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். எட்டாம் நாள், "உப்பு கம்மி" என்றான். அதைக் கேட்டுத் தையல்காரி அழுதாள்.

அந்த மாதக் கடைசியில் சாவிக்கொத்து வளையத்தை இடுப்பிலிருந்து கழற்றி டாக்டர் வீட்டு அம்மாளின் முன் மேஜையில் வைத்தாள். அந்த அம்மாள் பதறிப்போனாள்.

"என்னடி இது? நாப்பத்தெட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தானே இருக்கு. நீதானே சொல்லிட்டே இருப்ப?"

"அது ஜீத்தம்மா இருந்த வருஷம்மா. நான் இருந்தது நாப்பத்தாறு, போதும்."

போகும்போது தம்பி வீட்டுக்கு வந்து ஒருவேளை சாப்பிட்டாள். தையல்காரி பரிமாறினாள். இன்னும் கொஞ்சம் என்று சாவிக்கொத்து கேட்கவும் இல்லை, போதும் என்று தடுக்கவும் இல்லை. தம்பி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனான்.

எலிசபெத்தம்மாள் நீலமும் பொன்னுமாய், புது மகுடத்தோடு மாடத்துக்குத் திரும்பி வந்தாள். வேலைக்காரிகள் இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு பாத்திரக்காரி எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது ஜீத்தம்மாளின் கதையை அவள்தான் சொல்கிறாள், ராணியின் முன்னாலேயே. "அந்தம்மாவும் கேக்கட்டுமே, நாம படுற பாடு தெரியட்டும்" என்கிறாள். ஏப்ரலில் அவர்கள் முப்பது துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தபோது, ராணிக்கு எதற்கு ஏப்ரன் என்று தையல்காரி தயங்கினாள். "மகுடம் மேல இருக்கட்டும். கீழ ஏப்ரன் இருந்தா கிரீடம் ஒண்ணும் கழண்டுடாது, நீ தை" என்றாள் பாத்திரக்காரி. தைத்தாள். இப்போது தலைத்துணி இல்லை. ஆனாலும் மாடத்தில் ஏறி நிற்கும்போது தையல்காரியின் விரல் மகுடத்தின் அடியைத் தடவிப் பார்க்கும்.

சாவிக்கொத்து முதலில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் நாலு மாதம் இருந்தாள். பிறகு பிள்ளை பெற்ற வீடுகளில் மாதம் ஒரு வீடாகச் சமைத்தாள். எங்கேயும் நிலைகொள்ளவில்லை. தம்பிக்கு வாராவாரம் போன் வரும். தையல்காரி எடுத்தால், "அவன் இருக்கானா?" என்பாள். இந்த வருஷம்தான் அதோடு, "உனக்குக் கண்ணு எப்படி இருக்கு, ஊசி கோக்க முடியுதா?" என்று ஒன்றைச் சேர்த்துக் கேட்டாள். முடிகிறது என்றாள் தையல்காரி. போனைப் புருஷனிடம் கொடுத்தாள்.

இப்போது அவள் மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில், ஒரு மருத்துவமனையின் நர்சுகள் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். இரண்டாவது மாடியில் அறை கொடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. அந்த நாள் பஸ் எத்தனை மணிக்கு என்று தையல்காரி புருஷனிடம் கேட்டு வைத்திருக்கிறாள்; இன்னும் ஏறவில்லை.